பழைய கணினியில் டெஸ்க்டாப் திறக்கவில்லையா? எங்கே நின்றது என்று பாருங்கள்

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அப்டேட் முடிந்தோ, கரண்ட் போய் வந்தோ, திரை கறுப்பாகவே நின்றுவிடும். உடனே பென்டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும், கெர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடிக்கொண்டிருக்கும். கடைசி ஓரிரு படிகளில் எதுவோ தடுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் படிகள் இவை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் வன்பொருளைச் சோதித்துவிட்டு, லினக்ஸை ஏற்றும் நிரலான க்ரப்பிடம் ஒப்படைக்கும். க்ரப் கெர்னலை ஏற்றும். கெர்னல் கிராபிக்ஸ் சிப்பை எழுப்பித் திரையின் அளவை அமைக்கும். அப்புறம் சிஸ்டம்டி மற்ற சேவைகளைத் தொடங்கி, லைட்டிஎம் அல்லது ஜிடிஎம் போன்ற லாகின் மேலாளரை அழைக்கும். அது திரையில் வரைகிற நிரலான எக்ஸ் சர்வரைத் தொடங்கிக் கடவுச்சொல் கேட்கும். கொடுத்ததும் உங்கள் டெஸ்க்டாப் திறக்கும். இதில் எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். அதனால் அறிகுறி வாரியாகவே போகலாம்.

டெபியன், உபுண்டு, மின்ட், லுபுண்டு குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். பென்டியம் 4, கோர் 2 டுவோ, ஆட்டம் நெட்புக், 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் என எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

கறுப்புத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வடிவில் லாகின் கேட்டால் பாதி வேலை முடிந்தது. கெர்னலும் ஹார்ட் டிஸ்கும் நலம், பழுது வரைகலைப் பகுதியில் என்று தெரிந்துவிட்டது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய் இந்த இரண்டையும் பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் --பூட் --ப்ரையாரிட்டி=3
டிஎஃப் -எச்

முதலாவது, இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து பதிவான பிழைகளைக் காட்டும். இரண்டாவது டிஸ்கில் மீதமுள்ள இடத்தைக் காட்டும். இதை ஏன் முதலிலேயே பார்க்கச் சொல்கிறேன் என்பது கீழே லாகின் பகுதியில் புரியும்.

பழுது நீக்க இணையம் வேண்டியிருந்தால் லேன் கேபிள்தான் எளிது. அது இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். நெட்வொர்க் மேனேஜர் ஓடுகிற கணினியில் பெரும்பாலும் தானாகவே இணைப்பு வந்துவிடும். வைஃபைக்கு என்எம்டியுஐ என்று தட்டினால் எழுத்துத் திரையிலேயே ஒரு பட்டியல் திறக்கும்.

கணினித் தேதியையும் பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி பழைய கணினிகளில் செத்துப்போயிருக்கும், தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அந்த நிலையில், மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளை 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பொருளில் பிழை சொல்லி எதையும் இறக்க மறுக்கும். பயாஸில் தேதியைச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியும் விலை குறைவுதான், மாற்றிவிடுங்கள்.

நிறுவனத்தின் லோகோகூட வரவில்லை

இது லினக்ஸ் சம்பந்தப்பட்டதே இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் விஜிஏ துளையில் செருகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சுத்தம் செய்ய நகர்த்தி வைத்த பிறகு வருகிற பழுதுகளில் இது அடிக்கடி உண்டு. அப்புறம் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மானிட்டர் சொல்கிறது

லோகோ வருகிறது, க்ரப் வருகிறது, டெஸ்க்டாப் திறக்கும் நேரத்தில் மானிட்டர் இந்தச் செய்தியைக் காட்டுகிறது. கணினி அனுப்பும் அளவு மானிட்டருக்குத் தாங்கவில்லை என்று பொருள். உள்ளே டெஸ்க்டாப் ஒழுங்காகவே திறந்திருக்கலாம்.

மானிட்டர் தன் திறனைக் கணினிக்குச் சொல்வது விஜிஏ கேபிளின் 12, 15ஆம் ஊசிகள் வழியாக. மலிவான நீட்டிப்புக் கேபிள்களிலும் பழைய கேவிஎம் சுவிட்சுகளிலும் (ஒரே மானிட்டரைப் பல கணினிகளுக்குப் பகிர்பவை) இந்த இணைப்பு பல நேரம் இருக்காது. கேபிளைக் கழற்றி ஊசிகள் வளைந்தோ உடைந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். கேபிளால் தீரவில்லை என்றால் கெர்னலுக்கு நாமே அளவைச் சொல்லிவிடலாம். அடுத்த பகுதியில் சொல்லும் க்ரப் வரியில் இதைச் சேர்க்கவேண்டும்:

வீடியோ=விஜிஏ-1:1024எக்ஸ்768@60

இதில் விஜிஏ மட்டும் பெரிய எழுத்து. உங்கள் கணினியில் அந்த வாயிலின் பெயர் வேறாக இருக்கலாம். எழுத்துத் திரையில் /எஸ்ஒய்எஸ்/க்ளாஸ்/டிஆர்எம் என்ற அடைவைப் பட்டியலிட்டால் சரியான பெயர் கிடைக்கும்.

க்ரப் வருகிறது, அதன்பின் கறுப்பு

மிக அதிகமாக வருவது இதுதான். கெர்னல் கிராபிக்ஸ் சிப்பை எழுப்பும்போது தடுக்கியிருக்கிறது.

கணினியை இயக்கி க்ரப் பட்டியலை வரவழையுங்கள். பட்டியல் தானாக வராவிட்டால், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள், பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ உள்ள புதிய கணினியில் எஸ்கேப்பைத் தட்டுங்கள். முதல் தேர்வின்மேல் நின்று 'ஈ' எழுத்தை அழுத்தினால் சில வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போங்கள். அங்கே 'க்வையட் ஸ்ப்ளாஷ்' இருந்தால் அழித்துவிடுங்கள், அப்போதுதான் கெர்னல் சொல்வதெல்லாம் திரையில் ஓடும். ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று ஒரே சொல்லாகத் தட்டி, கன்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு முறைக்கு மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை.

டெஸ்க்டாப் திறந்துவிட்டதா? குற்றவாளி கிராபிக்ஸ் டிரைவர் என்று உறுதி. பலர் இத்தோடு திருப்தியடைந்து அந்தச் சொல்லை நிரந்தரமாகவே எழுதி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நோமோட்செட்டில் சிப்பின் உண்மையான டிரைவர் ஏறுவதே இல்லை. திரை குறைந்த அளவில் நிற்கும், வீடியோ திக்கும், எல்லாச் சுமையும் ஏற்கெனவே வயதான பிராசஸர்மேல் விழும். இதை உள்ளே நுழைய ஒரு வழியாக மட்டும் வைத்துக்கொண்டு, டிரைவரைச் சரிசெய்யுங்கள். எந்தச் சிப் என்று அறிய எல்எஸ்பிசிஐ என்று தட்டி, விஜிஏ என்று தொடங்கும் விவரத்தைப் பாருங்கள்.

என்விடியா என்றால்: பழைய ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு அந்த நிறுவனம் தரும் மூடிய டிரைவர்களின் ஆதரவு முடிந்துவிட்டது. ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைக்கான 304 பதிப்பு 2017 முடிவிலும், 8, 9, 200 வரிசைகளுக்கான 340 பதிப்பு 2019 முடிவிலும், 400, 500 வரிசைகளுக்கான 390 பதிப்பு 2022 முடிவிலும் நின்றன. அதன்பின் வந்த கெர்னல்களுக்கு அவை ஒத்துப்போவதில்லை. அப்டேட்டில் புதிய கெர்னல் வந்ததும் டிரைவரை அதற்கேற்பக் கட்டமைக்கும் வேலை தோற்று, அடுத்த முறை கறுப்புத் திரை வரும். 'நேற்று வரை ஓடியது' என்று சொல்லப்படும் பல கதைகளுக்குக் காரணம் இதுவே.

அவசரத்துக்கு க்ரப்பில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வேலை நடக்கும். நிலையான தீர்வு, மூடிய டிரைவரை எடுத்துவிட்டுத் திறந்த மூலமான நூவோவுக்கு மாறுவது (கட்டளையின் முன் வரும் சூடோ, அதை நிர்வாகி உரிமையோடு ஓட்டும்):

சூடோ ஆப்ட் பர்ஜ் 'என்விடியா-*'

இதோடு நிறுத்திவிடாதீர்கள், இரண்டு எச்சங்கள் மிஞ்சும். ஒன்று, /ஈடிசி/எக்ஸ்11/ அடைவில் (எக்ஸ் பெரிய எழுத்து) இருக்கும் எக்ஸார்க்.கான்ஃப் என்ற கோப்பு. அதில் என்விடியா டிரைவரைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று எழுதியிருந்தால் எக்ஸ் சர்வர் பிடிவாதமாக அதையே தேடித் தோற்கும். அழிக்கவேண்டாம், வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கோப்பே இல்லாமல் எக்ஸ் சர்வர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். இன்னொன்று, /ஈடிசி/மோட்ப்ரோப்.டி/ அடைவில் நூவோவைத் தடைசெய்யும் வரி. நூவோ என்ற சொல் இருக்கும் கோப்பைத் தேடி அந்த வரியை நீக்குங்கள். பிறகு:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு

மறுபடி இயக்குங்கள்.

ஏடிஐ ரேடியான் என்றால்: சிப்புக்கான ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) இல்லாமல் இருக்கலாம். டெபியனில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேர் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நான்-ஃப்ரீ களஞ்சியத்தைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ் என்ற தொகுப்பை நாமே நிறுவவேண்டும். நிறுவியதும் நோமோட்செட் தேவைப்படாது.

இன்டெல் மடிக்கணினி என்றால், ஏதும் செய்யும் முன் அறையை இருட்டாக்கித் திரையில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக லாகின் கட்டம் தெரிந்தால் டெஸ்க்டாப் வந்துவிட்டது, பின்ஒளி மட்டும் எரியவில்லை. எஃப்என் விசையோடு பிரகாசத்தைக் கூட்டுங்கள். அசையவில்லை என்றால் க்ரப் வரியில் ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டார் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் எரியாவிட்டால் பேனல் பழுதாக இருக்கலாம்.

அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டி நின்றுவிட்டது

கரண்ட் திடீரென்று போய் வந்த பிறகு இது வரும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலும், பேட்டரி செத்த மடிக்கணினியிலும் சகஜம். கோப்பு முறைமையில் சேதம், கையால் சோதிக்கச் சொல்கிறது. எந்தப் பிரிவு என்று மேலே உள்ள வரிகளிலேயே இருக்கும். உதாரணத்துக்கு:

எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ1

முடிந்ததும் எக்ஸிட். பெரும்பாலும் நேராக டெஸ்க்டாப் வந்துவிடும்.

ஆனால் கரண்ட் போகாமலே இது திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட் டிஸ்க் தேய்கிறது. அப்போது சோதனை மேல் சோதனை ஓட்டாதீர்கள், அதுவே டிஸ்கை முடித்துவிடும். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் எடுத்துவிடுங்கள். லைவ் பென்டிரைவில் எழுப்பி நகலெடுப்பது எளிது. அதற்குப் பிறகு ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் டிஸ்கின் நலத்தைப் பாருங்கள். 'கரன்ட் பெண்டிங் செக்டர்' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றுவதுதான் வழி.

எழுத்து லாகின் மட்டும் வருகிறது

உள்ளே போய் ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டுங்கள். முன்னால் சூடோ போடவே கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில். டெஸ்க்டாப் திறந்தால் எக்ஸ் சர்வர் நலம், லாகின் மேலாளர் மட்டும் விழுந்திருக்கிறது:

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்

அப்படி ஒன்றே இல்லை என்று வந்தால், ஏதோ ஒரு தொகுப்பை நீக்கியபோது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. லைட்டிஎம் நிறுவுங்கள். பழைய கணினிக்கு ஜிடிஎம்மைவிட அதுவே நல்லது, நினைவகம் குறைவாகவே கேட்கும்.

ஸ்டார்ட்எக்ஸும் தோற்றால் எக்ஸ் சர்வரின் பதிவேட்டைப் படியுங்கள். /வார்/லாக்/எக்ஸார்க்.0.லாக் என்ற கோப்பில் (எக்ஸ் பெரிய எழுத்து) இருக்கும். சாதாரணப் பயனராக ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருந்தால் உங்கள் ஹோம் அடைவில் .லோக்கல்/ஷேர்/எக்ஸார்க் உள்ளே இருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்து மிரளவேண்டாம். அடைப்புக்குறிக்குள் இரண்டு பெரிய ஈ போட்ட வரிகள் மட்டுமே பிழைகள். 'நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்' என்று முடிந்தால் டிரைவர் ஏறவில்லை, மேலே கறுப்புத் திரைக்குச் சொன்னதற்குத் திரும்புங்கள்.

கடவுச்சொல் சரி, ஆனால் மறுபடி லாகினுக்கே வருகிறது

ஆட்களை மிகவும் குழப்புவது இது. கடவுச்சொல் தவறென்று சொல்வதில்லை. திரை ஒரு கணம் கறுக்கிறது, மறுபடி அதே கட்டம். எக்ஸ் சர்வரும் டிரைவரும் ஓடுகின்றன என்பதற்கு அந்த லாகின் திரையே சாட்சி. உங்கள் கணக்கின் டெஸ்க்டாப் மட்டும் திறந்த வேகத்தில் விழுகிறது. ஆகவே டிரைவரைத் தொடாதீர்கள்.

எஃப்3 திரைக்குப் போய் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்குங்கள்:

சூடோ ஆட்யூசர் சோதனை

பெயரை ஆங்கில எழுத்தில் எதுவாகவும் வைக்கலாம். அந்தப் பெயரில் லாகின் செய்துபாருங்கள். டெஸ்க்டாப் திறந்தால் பழுது உங்கள் ஹோம் அடைவில், திறக்காவிட்டால் அமைப்பில். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஹோம் அடைவில் என்றால் முதல் சந்தேகம் .எக்ஸ்ஆதாரிட்டி கோப்பின்மேல். இதில் எக்ஸ் பெரிய எழுத்து. யாராவது சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டியிருந்தால் அந்தக் கோப்பு ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் உடைமையாகியிருக்கும், உங்கள் பெயரில் அதில் எழுத முடியாது, டெஸ்க்டாப் விழும். எல்எஸ் -எல்ஏ தட்டினால் உரிமையாளர் பெயர் தெரியும். ரூட் என்று இருந்தால் அந்தக் கோப்பை சூடோ ஆர்எம் கொண்டு நீக்கிவிடலாம், அடுத்த லாகினில் சரியான பெயரில் புதிதாக உருவாகும். .ஐஸ்ஆதாரிட்டி என்ற கோப்பையும் (ஐஸ் மட்டும் பெரிய எழுத்து) இப்படியே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். .ப்ரொஃபைல் கோப்பில் சமீபத்தில் ஏதாவது சேர்த்திருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

அமைப்பில் என்றால் டிஎஃப் காட்டிய எண்களுக்கு வாருங்கள். டிஸ்க் நிறைந்திருக்கிறதா? எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால்தான் ரூட் பெயரில் ஓடுகிற சேவைகள் எழுந்து லாகின் திரை வரை வந்துவிடுகின்றன, உங்கள் பெயரில் ஒரு சிறு கோப்புகூட எழுத முடியாமல் டெஸ்க்டாப் விழுகிறது. 40 ஜிபி, 80 ஜிபி டிஸ்க் உள்ள கணினிகளில் இது சர்வசாதாரணம். இடத்தை விடுவிக்க:

சூடோ ஆப்ட் க்ளீன்
சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்
சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=50எம்

கடைசியில் எம் பெரிய எழுத்து. இரண்டாவது கட்டளை பழைய கெர்னல்களையும் எடுத்துவிடும், பல நேரம் பெரிய இடம் அதில்தான் கிடைக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்ய மறந்தவர்கள் .லோக்கல்/ஷேர்/ட்ராஷ் அடைவைப் (ட்ராஷின் முதல் எழுத்து பெரியது) பாருங்கள். இடம் நிறைய இருந்தும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் -ஐ போட்டு ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்திருந்தால் அப்படி ஆகும்.

டெம்ப் அடைவின் அனுமதி கெட்டிருந்தாலும் இதே சுழற்சி வரும். சூடோ சிஎச்மோட் 1777 /டிஎம்பி என்று தட்டிவிடுங்கள்.

வால்பேப்பர் மட்டும், மௌஸ் மட்டும்

டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் பேனலும் மெனுவும் இல்லை. மௌஸைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்தினால் விளிம்பைத் தாண்டி மறைகிறதா? அப்படியானால் கணினி இல்லாத இரண்டாவது திரை ஒன்று இருப்பதாக நம்புகிறது. பழைய இன்டெல் சிப்புகளில் டிவி வாயில், எல்விடிஎஸ் வாயில் (மடிக்கணினித் திரைக்கானது) ஆகியவை இப்படிப் பொய்யாக இணைந்ததாகக் காட்டும். மெனு அந்த மாயத் திரையில் திறந்திருக்கும். எக்ஸ்ரேண்டர் என்று தட்டி 'கனெக்டட்' என்று வருகிற பெயர்களைப் பாருங்கள். தேவையில்லாததன் பெயரைக் குறித்துக்கொண்டு, க்ரப் வரியில் வீடியோ=எஸ்விடியோ-1:டி என்பது போல (எஸ்விடியோ பெரிய எழுத்து, கடைசி டி சிறிய எழுத்து) சேர்த்தால் கெர்னல் அதைத் தொடாது.

மௌஸ் விளிம்பில் நின்றால் பிரச்சினை வேறு, முப்பரிமாண வரைகலை. ஜினோம், சின்னமன் இரண்டுக்கும் அது கட்டாயம். முப்பரிமாண டிரைவர்களின் தொகுப்பான மெசாவின், 2022இல் வந்த 22.0 பதிப்பில் மிகப் பழைய டிரைவர்கள் நீக்கப்பட்டன. பென்டியம் 4 மதர்போர்டுகளில் நிறைய இருந்த இன்டெல் 845ஜி, 865ஜி, பழைய ரேடியான் 7000 முதல் 9250 வரை எல்லாம் அதில் போயின. அந்தக் கணினிகளில் முப்பரிமாண வேலை முழுவதும் பிராசஸரில் நடக்கும், திரை உறைந்தது போலத் தெரியும். எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்பை நிறுவி, அதன் கம்பாசிட்டரை (நிழல், ஒளிபுகும் சாளரம் போன்றவற்றைக் காட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். 512 எம்பி ரேம்தான் என்றால் அதைவிட எளிய ஐஸ்டபிள்யூஎம் போதும். பார்க்க எளிமைதான், ஆனால் உடனே திறக்கும், வேலை ஓடும்.

புதிய பதிப்புக்கு மாறும் முன் பிராசஸரையும் பாருங்கள். எல்எஸ்சிபியு தட்டினால் 64-பிட் உண்டா என்று தெரியும். கோர் 2 டுவோ 64-பிட், ஆட்டம் என்270 32-பிட் மட்டும். 32-பிட் கணினிகளுக்கு உபுண்டு வழியில் 18.04 தான் கடைசி. டெபியனில் 12 வரை போகலாம். 2025 ஆகஸ்டில் வந்த 13இல் 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை.

ஒருநாள் திறக்கிறது, ஒருநாள் இல்லை

மென்பொருள் பழுது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். காலையில் திறந்து மதியம் உறைந்தால் வன்பொருளைப் பாருங்கள். இரவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் ஆகாது. ஹீட்சிங்கில் தூசி அடைந்திருந்தால் ஊதி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

அப்புறம் கேபினெட்டைத் திறந்து பிராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். 2000களின் மதர்போர்டுகள் பலவற்றில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் பொருத்தப்பட்டன. தலை வீங்கியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் மின்னழுத்தம் ஆடும், டெஸ்க்டாப் திறக்கும் நேரத்தில் சுமை கூடியதும் உறையும். போர்டையே தூக்கிப் போடவேண்டாம். ரேடியோ, டிவி பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல், 105 டிகிரி தாங்கும் குறைந்த ஈஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள்.